நாங்களும் நாமும்

முதலாந் தவணை தொடங்கி இரண்டொரு வாரங்கள் கழிவதற்குள் நமது பாடசாலைகள் பலவற்றின் வகுப்பறைச் சுவர்களிற் புதிய தாளொன்று தொங்கக் காணலாம். 'எங்கள் வகுப்பின் உடன்படிக்கை' என்பது அதன் தலைப்பு. 'நாங்கள் நேரத்துக்கு வருவோம்', 'நாங்கள் பாடவேளையிற் பேசமாட்டோம்', 'நாங்கள் ஆசிரியர் சொற்படி நடப்போம்' என்றவாறு ஏழெட்டு வரிகள் வண்ண எழுத்துக்களில் அமைந்திருக்கும். கீழே முப்பது நாற்பது பிள்ளைகளின் கையொப்பங்கள் வரிசையாக இருக்கும். பிரம்பின் இடத்திற் பேச்சும், கட்டளையின் இடத்தில் ஒப்புதலும் வந்துவிட்டன என்று இம்முறையைப் போற்றுவோர் கூறுவர். நோக்கம் நல்லதே, அதனை நாம் ஐயுறவில்லை. ஆயினும் ஒரு கேள்வியைத் தவிர்க்க முடியாதிருக்கின்றது. இது மெய்யாகவே ஓர் உடன்படிக்கைதானா? அன்றி, பழைய கட்டளைக்குப் பிள்ளைகளின் கையெழுத்தில் எடுக்கப்பட்ட பிரதியா?

இக்கேள்வி அற்பமானதெனச் சிலர் கருதலாம். நாற்பது பிள்ளைகளை அமைதியாக இருத்திப் பாடம் நடத்துவதற்கு ஒரு வழி வேண்டும். தாளொன்று அதற்கு உதவுமாயின் அதன் தத்துவத்தை ஆராய்வானேன் என்பது அவர்கள் வாதம். ஆயின் மனிதன் சட்டம் என்பதை முதன்முதலிற் சந்திக்கும் இடம் வகுப்பறை என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். வீட்டில் அவன் காண்பது அன்பும் அதட்டலும் கலந்த பழக்கமே. உறவினரல்லாத பலரோடு ஒரே கூரையின்கீழ் இருந்து, எல்லோர்க்கும் பொதுவான விதியொன்றுக்கு அமைந்து நடக்கவேண்டிய நிலை அவனுக்கு வகுப்பறையிலேயே முதலில் நேர்கின்றது. விதி யாரிடமிருந்து வருகின்றது, அது யாரைக் கட்டுப்படுத்துகின்றது, யாரை விட்டுவிடுகின்றது, அது தவறாயின் யாரிடம் முறையிடலாம் என்பவற்றை அவன் அங்கே கற்றுக்கொள்கின்றான். குடியியற் பாடநூல் எதைச் சொல்லினும் அவன் மனத்தில் நிலைப்பது அங்கே கண்டதே.

அத்தாளின் மொழியை முதலிற் கவனிப்போம். தமிழிலே தன்மைப் பன்மைக்கு இரு சொற்கள் உள. கேட்பவரையும் உளப்படுத்திக் கூறுவது 'நாம்'. அவரை நீக்கிக் கூறுவது 'நாங்கள்'. யாழ்ப்பாணப் பேச்சுவழக்கில் 'நாங்கள்' என்பதே இரண்டுக்கும் வழங்கி வருதலால் இவ்வேறுபாடு மங்கியிருக்கின்றது. எனினும் எழுத்துமொழியில் அது இன்னும் உயிரோடுதான் இருக்கின்றது. அவ்வெழுத்துமொழியில் அமைந்த தாள் 'நாங்கள்' என்கின்றது. யாரை நோக்கி? ஆசிரியரை நோக்கி. ஆகவே ஆசிரியர் அதற்குள் இல்லை. அவர் வாக்குறுதியைப் பெற்றுக்கொள்பவர் மாத்திரமே. 'ஆசிரியர் எங்களை இழிசொல்லால் ஏசமாட்டார்', 'விடைத்தாள்களைக் குறித்த நாளிற் திருத்தித் தருவார்', 'விளையாட்டுப் பாடவேளையைக் கணிதத்துக்கு எடுத்துக்கொள்ளமாட்டார்' என்னும் வரிகள் இத்தகைய தாள்களில் அரிதினும் அரிது. காணி விற்பவனும் வாங்குபவனும் நொத்தாரிசு முன்னிலையில் முடிக்கும் உறுதியிலே இரு பக்கத்தாருக்கும் கடமையுண்டு. ஒரு பக்கத்தார் மாத்திரம் கட்டுப்படும் ஆவணத்துக்கு உடன்படிக்கை என்று பெயரிடுவது சொல்லுக்கும் பொருளுக்கும் இடையே பிளவை உண்டாக்குவதாகும்.

இப்பிளவினால் விளையும் தீங்கு யாது? வெளிப்படையான கட்டளையைவிட இது மேலல்லவா என்று கேட்கலாம். ஒரு வகையில் மேல்தான். உடற்றண்டனையை விலக்கிக் கல்வி அமைச்சு 2005ஆம் ஆண்டிற் சுற்றறிக்கை விடுத்தது. 2021 பெப்ரவரியில் நமது நாட்டின் உயர் நீதிமன்றம், ஆசிரியர் ஒருவர் காதில் அறைந்ததாற் கேட்கும் ஆற்றல் பாதிக்கப்பட்ட மாணவனின் வழக்கில், அவனது அடிப்படை உரிமை மீறப்பட்டதெனத் தீர்ப்பளித்தது. சுற்றறிக்கைக்கும் தீர்ப்புக்கும் இடையே கழிந்த ஆண்டுகளை எண்ணிப் பார்ப்போருக்கு, பிரம்பு கைவிடப்படுவது எத்துணைக் கடினம் என்பது விளங்கும். அதனிலும் தாள் மேலானது என்பதில் ஐயமில்லை.

ஆனால் கட்டளைக்கு ஒரு நேர்மை உண்டு. கட்டளையிடுபவன், தான் கட்டளையிடுவதை மறைப்பதில்லை. அடிபட்ட பிள்ளை, 'இது அநியாயம்' என்று தன் நெஞ்சுக்குள்ளேனும் சொல்லிக்கொள்ளலாம். அவனது தீர்ப்பை எவரும் பறிக்கவில்லை. போலி உடன்படிக்கை பறிப்பது அத்தீர்ப்பையே. 'நீதானே ஒப்புக்கொண்டாய்? நீதானே கையெழுத்து வைத்தாய்?' என்ற கேள்விக்கு எட்டு வயதுப் பிள்ளையிடம் மறுமொழி இல்லை. தன்னைத் தண்டிப்பது தானே என்று அது நம்பத் தொடங்குகின்றது. நமது மலையகத் தோட்டங்களில் வழங்கிய 'துண்டு' முறையை இங்கு நினைவுகூரலாம். தொழிலாளியின் கடன் இவ்வளவென்று எழுதிய சீட்டு, அவன் எத்தோட்டத்துக்குப் போகலாம், போகக்கூடாது என்பதைத் தீர்மானித்தது. 1921இற் சட்டம் அதனை ஒழிக்கும்வரை, கடனை ஏற்றுக்கொண்டவன் அவனே என்ற வாதமே அவனை அசையவிடாது பிடித்த கயிறாக இருந்தது. வகுப்பறை தோட்டமன்று, அக்கொடுமைக்கும் இதற்கும் அளவில் ஒப்பில்லை. ஆனால் வலியோன் எழுதியதற்கு எளியோனின் ஒப்பத்தைப் பெற்று, அவ்வொப்பத்தையே அவன் வாய்க்குப் பூட்டாக இடும் முறை இரண்டுக்கும் பொதுவானதே.

இனி, இதற்கும் அப்பாற் சென்று, பாடசாலையில் உடன்படிக்கை என்பதே இயலாத காரியம் என்று வாதிடுவோரும் உளர். அவர்களுடைய வாதத்துக்கு வலிமையான துணை, பதினெட்டாம் நூற்றாண்டின் ஸ்கொத்லாந்துத் தத்துவஞானி டேவிட் ஹியூம். ஒரு நாட்டின் பெருந்தெருவில் நடந்து செல்பவன்கூட அந்நாட்டின் ஆட்சிக்கு வாய்திறவாது சம்மதித்தவனே என்று ஜோன் லொக் கூறியிருந்தார். இதனை ஹியூம் 1748இல் வெளிவந்த கட்டுரையொன்றில் மறுத்தார். உறங்கிக்கொண்டிருந்த ஒருவனைத் தூக்கிச் சென்று கப்பலிற் போட்டுவிடுகின்றனர். கப்பலை விட்டு நீங்குவதாயிற் கடலிற் குதித்து மாளவேண்டும். அவன் கப்பலிற் தொடர்ந்து இருப்பதைக் காட்டி, தலைவனின் ஆட்சிக்கு மனமுவந்து சம்மதித்தான் என்று கூறலாமா என்பது அவருடைய வினாவின் சாரம். நமது மாணவனின் நிலையும் அதுவே. இலங்கையில் ஐந்து வயது முதற் பதினாறு வயது வரை கல்வி கட்டாயம். 2016ஆம் ஆண்டுக்கு முன்னர் மேலெல்லை பதினான்காக இருந்தது. எந்தப் பாடசாலை, எந்த வகுப்பு, எந்த ஆசிரியர் என்பவற்றுள் எதனையும் பிள்ளை தெரிவு செய்வதில்லை. வெளியேற வழியில்லாதவனிடம் பெறும் சம்மதம் சம்மதமாகுமா?

இவ்வாதத்தை நாம் இலேசாகத் தள்ளிவிடுவதற்கில்லை. கட்டாயக் கல்வி பிள்ளையின் நன்மைக்கானது. வறிய வீட்டுப் பிள்ளையைத் தேயிலைக் கொழுந்துக் கூடையிலிருந்தும் கடையின் எச்சிற் கோப்பையிலிருந்தும் காப்பது அது. எனினும் நன்மைக்கான கட்டாயமும் கட்டாயமே. ஹியூமின் உவமை ஓர் உண்மையை நமக்குத் தெளிவாக்குகின்றது. பாடசாலையின் அதிகாரம் பிள்ளைகளின் ஒப்புதலில் இருந்து பிறந்தது என்று ஆசிரியர் கூறுவாராயின் அது பொய். கையொப்பமிட மறுத்த பிள்ளையை வீட்டுக்கு அனுப்ப அவரால் இயலாது, அனுப்பவும் கூடாது.

ஆயின் அவ்வுவமையை இன்னும் ஓரடி கொண்டுசெல்லலாம். கப்பலில் ஏறியது அவன் விருப்பினால் அன்று. ஆனால் ஏறியபின், குடிநீரைப் பங்கிடுவது எப்படி, மேற்றளத்தில் யார் எப்போது உலாவுவது, நோயுற்றவனை யார் பார்ப்பது என்பவை பற்றிக் கப்பலில் உள்ளோர் பேசி முடிவெடுக்கலாமன்றோ? அம்முடிவுகள் கப்பற் பயணத்தை நியாயமாக்கிவிடா. ஆனால் பயணத்தினுள்ளே ஒரு நியாயத்தை அவை உண்டாக்கலாம். தலைவனும் அம்முடிவுகளுக்குக் கட்டுப்படுகின்றானா, முடிவு பிழைத்தால் மீண்டும் கூடிப் பேச இடமுண்டா, மறுத்துப் பேசியவனுக்குத் தீங்கு நேராதா என்னும் மூன்று கேள்விகளே அங்கு உரைகற்களாகும். தொடக்கத்திற் பெற்ற கையொப்பத்தைவிட, நாள்தோறும் திறந்திருக்கும் இக்கதவுகளே உடன்படிக்கையின் உயிர் எனலாம்.

பிள்ளைகளுக்கு இதற்கேற்ற பக்குவம் உண்டா? சுவிற்சர்லாந்து உளவியலறிஞர் ஜீன் பியாஜே இக்கேள்விக்கு விடையை நூலகத்திலன்றிப் போளையடிக்கும் சிறுவரிடையே தேடினார். ஜெனீவாவிலும் நியூசாற்றெலிலும் சிறுவரோடு அமர்ந்து போளை விளையாடி, விதிகளைப் பற்றி அவர்களிடம் வினவி, தாம் கண்டவற்றை 1932இல் நூலாக வெளியிட்டார். ஆறேழு வயதுப் பிள்ளைகள், விதிகள் பெரியோரிடமிருந்து வந்தவை, மாற்றவொண்ணாதவை என்றனர். ஆயின் விளையாடும்போது ஒவ்வொருவரும் தத்தம் மனம்போல் விளையாடினர். பத்துப் பதினொரு வயதினரோ, எல்லோரும் உடன்பட்டால் விதியை மாற்றலாம் என்றனர். அவர்களே விதியைக் கருத்தோடு காத்தனர். புனிதமென்று நம்பியவர் மீறினர். மாற்றத்தக்கதென்று அறிந்தவர் பேணினர். மேலிருந்து இறங்கும் விதி எவ்வளவு பயபக்தியோடு ஏற்கப்படினும் அது பிள்ளைக்குப் புறத்ததாகவே நின்றுவிடுகின்றது. சமமானவர் தம்முட் பேசி அமைத்த விதியே அகத்துட் புகுகின்றது. பியாஜேயின் வயதெல்லைகளைப் பின்வந்தோர் பலவாறு திருத்தியிருப்பினும், இந்த அவதானம் இன்றும் வலுவுடையதே. நமது கோயில் வீதிகளிலும் ஒழுங்கைகளிலும் போளையடிக்கும் சிறுவர் எந்த ஆசிரியரும் இன்றித் தகராறுகளைத் தீர்த்துக்கொள்வதை நாம் அன்றாடம் காண்கின்றோம். பக்குவம் உண்டு. அது வகுப்பறை வாயிலில் ஏன் நின்றுவிடுகின்றது என்பதே நாம் கேட்கவேண்டியது.

அவ்வாயிலைத் திறந்து வைத்த ஒருவரைப் பற்றி இங்கே கூறுதல் தகும். போலந்து நாட்டின் தலைநகர் வார்சோவிலே, குழந்தை மருத்துவராகவும் எழுத்தாளராகவும் விளங்கியவர் யானுஸ் கோர்ச்சாக். 1912இல் யூத அநாதைப் பிள்ளைகளுக்கான இல்லமொன்றின் பொறுப்பை ஏற்ற அவர், அங்கே பிள்ளைகளின் நீதிமன்றம் ஒன்றை அமைத்தார். அவ்வாரத்தில் தம்மீது வழக்கில்லாத பிள்ளைகளுள் ஐவர் திருவுளச் சீட்டு மூலம் நீதிபதிகளாயினர். வழக்குகளுக்கென ஒரு சட்டக்கோவையையும் அவர் எழுதினார். அதன் பிரிவுகளின் எண்கள் ஆயிரம் வரை செல்கின்றன. ஆயின் முதல் தொண்ணூற்றொன்பது பிரிவுகளும் வழக்கைத் தள்ளுவதற்கோ மன்னிப்பதற்கோ காரணம் கூறுபவை. தெரியாமற் செய்தான், அஞ்சிச் செய்தான், இனிச் செய்யான் என்றவாறு மன்னிப்பின் வழிகளே முன்வைக்கப்பட்டன. அதன்பின் எண் நூறு நூறாகத் தாவுகின்றது. குற்றம் செய்தான் என்று அறிவிப்பது, கண்டிப்பது, செய்தித்தாளில் வெளியிடுவது என்று படிப்படியாக ஏறி, ஆயிரமாம் பிரிவில் மாத்திரமே இல்லத்தை விட்டு நீக்குதல் வருகின்றது.

இந்நீதிமன்றம் தொடக்கத்திலேயே வெற்றி பெற்றதென்று எண்ணுதல் தவறு. அற்ப வழக்குகள் குவிந்தன; தீர்ப்பைப் பிள்ளைகள் சிலர் எள்ளினர். கோர்ச்சாக் அதனைச் சில வாரங்கள் நிறுத்திவைக்க நேர்ந்தது. மீண்டும் தொடங்கியபோது செய்யப்பட்ட திருத்தங்களுள் ஒன்று நமது ஆய்வுக்கு மிக முக்கியமானது. பிள்ளைகள் பெரியோரையும் ஆசிரியரையும் வழக்குக்கு அழைக்கலாம் என்பதே அது. அரையாண்டுக்குள் ஐந்து முறை கோர்ச்சாக் தம்மீதான வழக்கைத் தாமே அம்மன்றத்தின் முன் வைத்தார். ஒரு சிறுவனைக் காதில் அடித்தமை, ஒருவனைப் படுக்கையறையிலிருந்து வெளியேற்றியமை, ஒருவனை மூலையில் நிறுத்தியமை, நீதிபதியொருவரை அவமதித்தமை, ஒரு சிறுமியைத் திருட்டுக் குற்றம் சாட்டியமை என்பனவே அவ்வைந்து. புதிய வகை ஆசிரியராகத் தாம் பெற்ற கல்விக்கு அவ்வழக்குகளே அடித்தளம் என அவர் பின்னர் எழுதினார்.

நல்ல மனிதர் ஒருவரும் பிள்ளையை அடித்தார் என்பதில் நமக்கு வியப்பில்லை. அடிபட்ட பிள்ளைக்குச் செல்ல ஓரிடம் இருந்தது என்பதே பெரிது. விதிக்குள் ஆசிரியரும் அடங்கியமையால் அங்கே 'நாங்கள்' என்பது 'நாம்' ஆயிற்று. அந்த இல்லத்தையும் வரலாறு விட்டுவைக்கவில்லை. நாசிகள் அதனைச் சேரிச் சுவருக்குள் தள்ளினர். 1942 ஓகஸ்ட் மாதத்தில் ஏறத்தாழ இருநூறு பிள்ளைகளும் கோர்ச்சாக்கும் உடன்பணியாளரும் திரெப்ளிங்கா கொலைமுகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டு மாண்டனர். சட்டத்தின் பெயரால், அதிகாரிகளின் முத்திரையோடு அச்செயல் நடந்தேறிற்று. மேலிருந்து வரும் எதற்கும் கீழ்ப்படிவதே நல்லொழுக்கம் என்று ஒரு சமுதாயத்தின் பிள்ளைகள் பயிற்றப்பட்டால் அதன் விலை எதுவாகலாம் என்பதை இதனின் வேறாக எடுத்துக்காட்ட வேண்டியதில்லை.

இனி மற்றொரு பக்கத்தையும் பார்ப்போம். எல்லாவற்றையும் பிள்ளைகளின் ஒப்புதலுக்கு விட்டுவிடலாமா? விடலாகாது. பெரும்பான்மையோர் உடன்பட்டமையால் மாத்திரம் ஒன்று நியாயமாகிவிடாது. இதற்கு நமது வடபகுதியின் வரலாறே சான்று. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் வகுப்பறையில் நிலத்தில் இருக்க, ஏனையோர் வாங்கில் இருந்த காலம் ஒன்றிருந்தது. 1924இல் தோன்றிய மாணவர் காங்கிரஸ், பின்னர் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸாகி, இத்தகைய வேறுபாடுகளை எதிர்த்தது. 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் அரசாங்கம் சம ஆசனத்தை வலியுறுத்தியபோது எதிர்ப்பு எழுந்தது. பாடசாலைகள் சில தீக்கிரையாக்கப்பட்டன. அன்றைய வகுப்பறைகளில் யார் எங்கே இருப்பது என்று கைதூக்கச் செய்திருந்தால் முடிவு என்னவாகியிருக்கும்? வாங்கில் இருந்தோர் ஒருமனதாக உடன்பட்டிருப்பர். நிலத்தில் இருந்த பிள்ளையும், அச்சத்தினால், தன் கையையும் தூக்கியிருக்கும்.

எனவே உடன்படிக்கைக்கு உட்படாத சில உள. பிறரை அடித்தல், இழிவுபடுத்தல், ஒதுக்கி வைத்தல் என்பவை ஒப்புதலினால் தவறானவை அல்ல. ஒப்புதலுக்கு முன்பே தவறானவை. பிள்ளைகளே இதனை அறிவர். ஆசிரியரை எப்பெயரிட்டு அழைப்பது போன்ற வழமைகள் விதியைப் பொறுத்தவை என்றும், மற்றொருவனை அடிப்பது விதி இருந்தாலும் இல்லாவிட்டாலும் தவறே என்றும் சின்னஞ்சிறு பிள்ளைகளும் பிரித்தறிகின்றனர் என்பதை எலியட் துரியேல் என்னும் அமெரிக்க அறிஞர் 1983இல் வெளியிட்ட தம் நூலில் விளக்கியுள்ளார். ஆகையால் ஆசிரியர் முதலிற் செய்யவேண்டியது, எது பேச்சுக்குரியது, எது பேச்சுக்குரியதன்று என்பதை வெளிப்படையாகக் கூறுதல். ஏ. எஸ். நீல் 1921இல் தொடங்கிய சமர்ஹில் பாடசாலையிலே, வாராந்தக் கூட்டத்தில் ஆறு வயதுப் பிள்ளைக்கும் தலைவருக்கும் ஒவ்வொரு வாக்கே உண்டு. அங்கும் ஆசிரியர் நியமனம் போன்றவை அக்கூட்டத்தின் வாக்குக்கு விடப்படவில்லை என்பதை நீல் மறைக்கவில்லை. எல்லையைச் சொல்லிவிடுவதால் உடன்படிக்கை சிறுத்துவிடுவதில்லை. எல்லையைச் சொல்லாது, பிள்ளைகள் விரும்பாத முடிவுக்கு வந்ததும் 'இது சரிவராது' என்று தாளைக் கிழிப்பதே அதனைக் கொன்றுவிடுவது.

இவையெல்லாம் பன்னிரண்டு பிள்ளைகள் உள்ள வகுப்புக்கே பொருந்தும், புலமைப்பரிசிற் பரீட்சை கழுத்தில் ஏறியிருக்கும் நமது ஆசிரியருக்கு இதற்கு நேரம் ஏது என்று கேட்பர். கேள்வி நியாயமானது. ஆயின் ஓர் எடுத்துக்காட்டை எண்ணிப் பார்ப்போம். காலை ஏழரை மணிக்குப் பாடசாலை தொடங்குகின்றது. ஒரு பிள்ளை நாள்தோறும் கால்மணி நேரம் பிந்துகின்றது. 'நேரத்துக்கு வருவோம்' என்ற வரியின் கீழ் அதன் கையொப்பமும் உண்டு. ஒவ்வொரு நாளும் வாயிலில் நிறுத்தல், ஏசல், பெற்றோரை அழைத்தல் என்று ஆசிரியரின் நேரம் கழிகின்றது. இவ்விதியை எழுதுமுன் அதனை வகுப்பின்முன் வைத்துப் பேசியிருந்தால், அப்பிள்ளை தம்பியை முன்பள்ளியில் விட்டுவிட்டு வருவது தெரியவந்திருக்கும். மற்றொரு பிள்ளையின் ஊருக்குப் பேருந்து ஒன்றே என்பதும் தெரியவந்திருக்கும். 'பிந்தி வருவோர் காரணத்தை ஆசிரியரிடம் தனியே சொல்லிவிட்டு, பின்கதவால் ஓசையின்றி வந்து அமர்க. தவறிய பகுதியைப் பக்கத்திலிருப்பவர் காட்டுக. ஆசிரியரும் பிந்தினால் வகுப்புக்குக் காரணம் சொல்க' என்று அவர்களே முடிவு செய்திருக்கக்கூடும். அதற்குச் செலவாவது ஒரு பாடவேளை. மிஞ்சுவது எத்தனை காலைகள்!

இங்கு மற்றொன்றும் கருதத்தக்கது. விதியைப் பேசி அமைக்கும்போதே பிள்ளைகளின் வாழ்க்கை வகுப்பறைக்குள் வருகின்றது. 'சீருடை தூய்மையாக இருக்கவேண்டும்' என்ற வரிக்குப் பின்னே, ஒரே சட்டையை இரவிற் துவைத்து ஈரத்தோடு அணியும் பிள்ளை இருக்கின்றது. 'வீட்டுவேலை செய்துவருவோம்' என்ற வரிக்குப் பின்னே, மாலையிற் கடையில் நிற்கும் பிள்ளை இருக்கின்றது. மேலிருந்து வரும் விதிக்கு இவர்கள் குற்றவாளிகள். கூடிப் பேசும் விதிக்கு இவர்கள் சாட்சிகள். எல்லோர்க்கும் ஒரே விதி என்பது வெளித்தோற்றத்திற் சமத்துவம். சுமை வெவ்வேறாயிருக்கும் தோள்களில் ஒரே பாரத்தை ஏற்றுவது எப்போதும் சமத்துவமாகாது.

இவ்வளவும் கூறியபின் ஆசிரியரின் பக்கத்தையும் சொல்லாதுவிடின் நாம் நீதி செய்தவராகோம். வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வருகின்றது. அதிபர் அறையிலிருந்து கட்டளை வருகின்றது. பெறுபேறு குறைந்தாற் கேள்வி வருகின்றது. இவற்றுள் எதனையும் ஆசிரியரோடு கலந்து பேசி எவரும் எழுதவில்லை. தனக்கு எவரும் தராத ஒன்றைப் பிறருக்குக் கொடு என்று அவரைக் கேட்கின்றோம். கட்டளைச் சங்கிலியின் கடைசிக் கண்ணிக்கு முந்தியவர் அவர்; கடைசிக் கண்ணி பிள்ளை. ஆசிரியர் அறையிலே உடன்படிக்கை இல்லாத பாடசாலையில், வகுப்பறை உடன்படிக்கை நெடுநாள் உயிர்வாழ்தல் அரிது. ஆகவே இவ்விடயத்தைத் தனியோர் ஆசிரியரின் நற்குணத்துக்கு விட்டுவிடுதல் போதாது. அதிபரும் ஆசிரியரும் கூடி அமைக்கும் விதிகள், அவற்றை மீளாய்வு செய்யும் கூட்டங்கள், மாணவர் முறையிடுவதற்குப் பழிவாங்கப்படாத வழி என்பன பாடசாலை அமைப்பிலேயே இடம்பெற வேண்டும். 1991இல் இலங்கை ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமை பற்றிய சமவாயம், தம்மைப் பாதிக்கும் விடயங்களிற் பிள்ளைகள் கருத்துக் கூறும் உரிமையை அங்கீகரிக்கின்றது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அவ்வுரிமை ஏழரை மணிக்கு மணியடித்ததும் இடைநிறுத்தப்படுவதற்கு நியாயம் எதுவும் இல்லை.

எனினும் அமைப்பு மாறும்வரை காத்திருப்போம் என்பதும் ஒருவகைத் தப்பித்தலே. கண்ணிகள் எல்லாம் ஒரே நாளில் அறுவதில்லை. கையிலுள்ள கண்ணியைத் தளர்த்த எவருக்கும் அனுமதி தேவையில்லை. அடுத்த தவணையில் வகுப்போடு உடன்படிக்கை எழுத விரும்பும் ஆசிரியருக்கு நாம் கூறக்கூடியது சிறிது. முதலில் எவை பேச்சுக்கு அப்பாற்பட்டவை என்பதைக் காரணத்தோடு சொல்லுங்கள். வாய்திறவாத பிள்ளைகளிடம் தனியே கேளுங்கள். அவர்களுடைய மறுப்பே மிகவும் விலையுயர்ந்தது. மாதம் ஒருமுறை தாளைக் கீழிறக்கித் திருத்துங்கள். விதியை மீறியவனுக்கு என்ன தண்டனை என்று கேட்குமுன், கெட்டதை எப்படிச் சீராக்கலாம் என்று கேளுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னதாக, தாளின் முதல் வரியை உங்களைப் பற்றியதாக எழுதுங்கள். அதனைப் பிள்ளைகளே சொல்லட்டும். அவ்வரி என்னவென்று கேட்க அஞ்சும் நெஞ்சம், எஞ்சிய வரிகளைப் பிள்ளைகளிடம் கேட்கும் தகுதியை இன்னும் பெறவில்லை.